கல்லா, கேப்பா?

வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் பழைய துப்பாக்கிகள் மேல் பைத்தியமாக இருப்பவர்கள் உலகம் முழுக்க இரண்டு கட்சி. ஒன்று கல் கட்சி, இன்னொன்று கேப் கட்சி. எங்கள் திருவொற்றியூர் டீக்கடைகளில் ஒரு காலத்தில் எம்.ஜி.ஆரா சிவாஜியா என்று தொண்டை கிழிய நடந்த வாதத்தின் சூடு இதிலும் உண்டு. தலைகளை எண்ணினால் கேப் கட்சிதான் பெரிசு. சுலபமானது, மழைக்கும் அசராதது, புதிதாக வருகிறவர்களில் பெரும்பாலோர் கையில் எடுப்பது அதைத்தான். நான் கல் கட்சி. உயிருள்ளவரை கல் கட்சிதான். மனிதன் கையால் செய்த யந்திரங்களில் சக்கிமுக்கித் துப்பாக்கியின் லாக்கை மிஞ்சிய அழகு ஒன்றை நான் இன்னும் பார்க்கவில்லை.

வாழ்நாள் முழுக்க லேத் பட்டறையில் நின்றவன் நான். எண்ணெய்க் கறை படிந்த கையோடு சொல்கிறேன், அந்த லாக்கைக் கழற்றிப் பார்க்க வாய்த்தால் எந்த டர்னரும் ஃபிட்டரும் கண் கலங்கிவிடுவார். குதிரை எனும் சுத்தியலின் தாடைக்கு நடுவே, தோல் துண்டில் சுற்றிய கல். எதிரே நிமிர்ந்து நிற்கும் ஒரு எஃகுத் தகடு. விசையை இழுத்ததும் குதிரை பாய்கிறது. கல் அந்தத் தகட்டை மேலிருந்து கீழாகச் சுரண்டிக்கொண்டு இறங்குகிறது. பொறி கல்லில் இருந்து வருவதாகத்தான் பலர் நினைக்கிறார்கள். எரிவது எஃகு. கல் சீவியெடுத்த எஃகுத் துணுக்குகள்தாம் காற்றில் எரிந்துகொண்டே கீழே கொட்டுகின்றன. அந்தத் தகடேதான் கீழே இருக்கும் சின்னக் கிண்ணத்துக்கு மூடியும். கல் அடித்த அதே அடியில் மூடி பின்னால் சாய்ந்து கிண்ணம் திறந்துகொள்கிறது, பொறி நேராக உள்ளே விழுகிறது. அதுவரை ஈரமோ காற்றோ படாமல் மருந்தைக் காத்த மூடி, அந்தக் கணத்தில் தீயையும் தந்து வழியையும் விடுகிறது. ஒரே துண்டு இரும்பு இத்தனை வேலை செய்கிறது! இதை யோசித்தவனின் காலைத் தொட்டுக் கும்பிட வேண்டும்.

அந்தத் தகட்டுக்கு டெம்பர் ஏற்றுவது லேசான காரியம் என்று நினைத்துவிடாதீர்கள். அதிகம் கடினமாகிவிட்டால் கண்ணாடி மாதிரி வழுக்கும், பொறி வராது. மெத்தென்று விட்டால் கல் பள்ளம் தோண்டிவிடும், அப்போதும் பொறி வராது. முகம் கடினமாக இருக்க வேண்டும், முதுகில் கொஞ்சம் இளக்கம் வேண்டும். இதுபோக மூன்று ஸ்பிரிங். குதிரையைத் தள்ளுவது ஒன்று, விசையைப் பிடித்து நிறுத்துவது ஒன்று, தகட்டை இறுக்கிப் பிடிப்பது ஒன்று. மூன்றின் பலமும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும். இதையெல்லாம் வெப்பமானி இல்லாத உலையில், பழுத்த இரும்பின் நிறத்தைக் கண்ணால் பார்த்தே பதம் கண்டு செய்தார்கள். நைட்ரைடிங் ஃபர்னஸ், ஹார்ட்னஸ் டெஸ்டர் எல்லாவற்றையும் பார்த்தவன் சொல்கிறேன், எனக்கு மெய் சிலிர்க்கிறது.

கேப் துப்பாக்கியின் சூட்சுமத்தைத் தீபாவளிக்குப் பொட்டுக் கேப் வெடித்த எந்தப் பிள்ளைக்கும் விளக்கத் தேவையில்லை. தட்டினால் வெடிக்கும் ரசாயனம் கொஞ்சம், அதை உள்ளே பூசிய சின்னச் செம்புக் குல்லா. குழாயின் பின்புறம் துளையுள்ள ஒரு நிப்பிள், அதன் மேல் இந்தக் குல்லா. குதிரை அதன் தலையில் சுத்தியலாக விழுகிறது, தீ துளை வழியே உள்ளே பாய்கிறது. அவ்வளவுதான். கிண்ணமும் வேண்டாம், மூடியும் வேண்டாம், கல்லும் வேண்டாம்.

நான் முதன்முதலில் மயங்கியது ஜார்ஜ் கோட்டை மியூசியத்தில். பெரியப்பா ஹார்பரில் வேலை பார்த்தவர், அவர்தான் ராயபுரத்தில் இருந்து பஸ்ஸில் அழைத்துப் போனார். 1795-இல் கட்டி முடித்த அந்தக் கட்டடம் ஒரு காலத்தில் வியாபாரிகள் கூடும் எக்ஸ்சேஞ்சாகவும் மெட்ராஸ் பேங்காகவும் இருந்தது. 1948-இல் மியூசியம் ஆனது. கண்ணாடிக்குப் பின்னால் நீள நீளமாக அந்தத் துப்பாக்கிகள்! மற்றவர்கள் துரைமார்களின் பெரிய ஓவியங்களைப் பார்க்க மாடிக்குப் போனார்கள். நான் குதிரையின் வளைவைப் பார்த்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டேன். அன்னப்பறவையின் கழுத்தை எஃகில் செய்ததுபோல் இருந்த அந்த வளைவு இன்றைக்கும் என்னை விடவில்லை.

வடசென்னைக்காரனுக்கு இது அந்நிய விஷயமே இல்லை. நம் தெருக்கள் முழுக்க கருமருந்தின் ஞாபகம்தான். ராயபுரம் போகும் வழியில் கிளைவ் பேட்டரி என்று பஸ் நிறுத்தத்தைச் சொல்கிறோமே, அது பீரங்கி வைத்திருந்த இடம். பழைய வண்ணாரப்பேட்டை மாடிப் பூங்கா, கறுப்பர் நகரத்தைச் சுற்றி எழுப்பிய கோட்டைச் சுவரின் மிச்சம். ஹைதர் அலியின் குதிரைப்படை சென்னை வாசல்வரை வந்து போன பயத்தில் அவசர அவசரமாகக் கட்டிய சுவர் அது. வால்டாக்ஸ் ரோட்டின் பெயரே அதற்குப் போடப் பார்த்த வரியால் வந்தது. புளியந்தோப்புப் பக்கம் பவுடர் மில் ரோடு இன்னும் இருக்கிறது. 1758 டிசம்பரில் லாலியின் பிரெஞ்சுப் படை கோட்டையை முற்றுகையிட்டபோது அவர்கள் இறங்கியதும் நம் வடக்குப் பக்கத்தில்தான். பிப்ரவரி வரை நடந்த அந்தச் சண்டையில் இரண்டு தரப்பின் சிப்பாய்கள் கையிலும் இருந்தது சக்கிமுக்கித் துப்பாக்கி.

கிழக்கிந்தியக் கம்பெனியின் துப்பாக்கியைப் பற்றி ஒரு பெருமையான செய்தி உண்டு. ஆங்கிலேய ராணுவம் 46 அங்குலம், பிறகு 42 அங்குலம் என்று நீளக் குழாய் வைத்த மஸ்கட்டைத்தான் வைத்திருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி தன் இந்தியப் படைகளுக்காக 39 அங்குலக் குழாயோடு, அலங்காரம் குறைத்து, சிக்கனமாக ஒன்றைச் செய்வித்தது. 1790-களில் பிரான்சோடு போர் மூண்டதும் ஆங்கிலேய ராணுவத்துக்குத் துப்பாக்கி போதவில்லை. கம்பெனியின் கையிருப்பை வாங்கிக்கொண்டார்கள். அப்புறம் அந்த மாதிரியையே லட்சக்கணக்கில் செய்யச் சொன்னார்கள். இந்தியா பேட்டர்ன் என்றே அதற்குப் பெயர். 1815-இல் வாட்டர்லூவில் நெப்போலியனை எதிர்த்து நின்றது இந்தத் துப்பாக்கிதான். மெட்ராஸ் சிப்பாய்க்காக யோசித்த சாமான் ஐரோப்பாவின் தலைவிதி எழுதிய களத்தில் நின்றது என்று நினைக்க நினைக்க எனக்கு நெஞ்சு விம்முகிறது.

ஆனால் நம் ஜனங்கள் கைக்கு அது வரவில்லை. பாளையக்காரர்களிடமும் ஊர்க்காவல்காரர்களிடமும் இருந்தவை பெரும்பாலும் திரித் துப்பாக்கிகள். கயிற்றுத் திரியைப் பற்றவைத்துக் கிண்ணத்தில் இறக்கும் பழைய வகை. நம் கொல்லர்களுக்குத் திறமை இல்லாமல் இல்லை. திப்பு சுல்தானின் பட்டறைகள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் செய்த சக்கிமுக்கித் துப்பாக்கிகள் புலி முகத்தோடும் புலி வரிகளோடும் எந்த லண்டன் வேலைக்கும் சவால் விடுபவை. ஆனால் அதற்கு அரசனின் கஜானா வேண்டும். ஸ்பிரிங்குக்கு நல்ல எஃகு வேண்டும், மாற்றி மாற்றிப் போட நல்ல கல் வேண்டும். ஆங்கிலேயர்களுக்குக் கல், சஃபோக்கில் பிராண்டன் என்ற ஊரில் இருந்து கப்பலில் வந்தது. நம் சென்னைச் சுற்றுவட்டாரத்தில் ஆதிமனிதன் ஆயுதம் செய்த கல்லெல்லாம் குவார்ட்சைட். கிராமத்துக் கொல்லருக்குத் திரித் துப்பாக்கி போதும், செலவும் இல்லை. அதனால் தமிழ்நாட்டு வேட்டைக்காரர்கள் திரியில் இருந்து நேராகக் கேப்புக்குத் தாவினார்கள் என்பதே என் முடிவு. நடுவில் இருந்த கல், கம்பெனிக்காரன் சொத்தாகவே இருந்து போய்விட்டது.

சின்ன வயசில் நான் பார்த்த முதல் நிஜத் துப்பாக்கியும் கேப் துப்பாக்கிதான். அந்த நாளில் எண்ணூர் பக்கம் உப்பளமும் கழிமுகமும் சேற்றுப் பறவைகளுமாகக் கிடக்கும். நரிக்குறவர்கள் தோளில் நீளக் குழாய்த் துப்பாக்கியும் இடுப்பில் மருந்துப் பையுமாக வரப்பில் நடந்து போவார்கள். ஒரு பெரியவர் கெட்டித்துக்கொண்டிருந்தபோது கிட்டே போய் உட்கார்ந்தேன். மருந்தைக் கொட்டினார், தென்னை நார்போல எதையோ வைத்துக் கம்பியால் இடித்தார், சின்னக் குண்டுகளைப் போட்டார், மறுபடி இடித்தார். கடைசியாக மடியில் இருந்து ஒரு செம்புக் குல்லாவை எடுத்து நிப்பிளில் அழுத்தினார். "தள்ளி நில்லு சாமி, காதைப் பொத்திக்க" என்றார். வெடித்ததும் வரப்பே புகையில் மறைந்துபோயிற்று. அந்த வாசனை! அதற்கு நான் அடிமையானது அன்றைக்குத்தான்.

அந்த மனிதர்களின் கைத்திறமைக்கு என் மரியாதை எழுத்தில் அடங்காது. ஒரே ஒரு முறைதான் சுட முடியும், தவறினால் பறவைக் கூட்டமே போய்விடும். ஆகவே அருகில் போகிற வித்தை, காத்திருக்கிற பொறுமை, காற்று எந்தப் பக்கம் என்ற கணக்கு எல்லாம் அவர்களிடம் இருந்தது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை போயிற்று. போக வேண்டியதுதான், அந்தப் பறவைகளும் நமக்கு வேண்டும். மணி மாலையும் ஊசியும் விற்கப் போனவர்கள் பழங்குடிப் பட்டியலில் சேர 2023 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. காவல்துறை ஆவணங்களில் அந்தத் துப்பாக்கி எஸ்பிஎம்எல், அதாவது ஒற்றைக் குழாய், வாய்வழி கெட்டிப்பது. பேச்சில் நாட்டுத் துப்பாக்கி. உரிமம் இல்லாமல் வைத்திருந்தால் குற்றம். இன்று தமிழ்நாட்டில் எங்கே ஒரு நாட்டுத் துப்பாக்கியைப் பற்றிச் செய்தி வந்தாலும், அது கேப் வகையாக இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு நான் சொல்வேன். நம் மண்ணில் கேப்புக்குக் கிடைத்த வெற்றி அப்படி.

இரண்டையும் ஒரே நாளில் சுட்டுப் பார்க்கும் பாக்கியம் எனக்குக் கனடாவில் கிடைத்தது. மகள் ஸ்கார்பரோவில் இருக்கிறாள். முதலில் டொராண்டோவின் யார்க் கோட்டைக்குக் கூட்டிப் போனாள். 1813-இல் அமெரிக்கர்கள் வந்து தாக்கிய கோட்டை. கோடையில் கல்லூரிப் பிள்ளைகள் சிவப்புச் சட்டை போட்டு வரிசையாக நின்று மஸ்கட் சுட்டுக் காட்டுகிறார்கள். அவர்கள் கையில் இந்தியா பேட்டர்ன்! நம் ஊர்ச் சாமான் ஒண்டாரியோ ஏரிக்கரையில் முழங்குகிறது! கூட்டத்தில் எல்லாரும் கைதட்டினார்கள். நான் கும்பிட்டேன்.

என் முகத்தைப் பார்த்த மகள், கூட வேலை பார்க்கும் யாழ்ப்பாணத்துப் பையனிடம் சொல்லிவிட்டாள். அந்தப் பிள்ளைக்கு இந்தத் துப்பாக்கிகள்தான் வாரக் கடைசிப் பொழுதுபோக்கு. ஊருக்கு வெளியே ஒரு கிளப்பின் மைதானத்துக்கு அழைத்துப் போனான். அவன் அப்பட்டமான கேப் கட்சி. வழி முழுக்க எனக்குப் பாடம்: "ஐயா, கேப் எண்டால் நினைச்ச உடனே வெடிக்கும். கல் எண்டால் அதின்ர குணத்தைப் பாத்து நடக்கவேணும்." அந்த இரண்டாவது வாக்கியம்தான் எனக்குப் பிடித்திருந்தது.

முதலில் கேப். அளந்த மருந்தை வாயில் கொட்டி, எண்ணெய் தடவிய துணித் துண்டில் ஈய உருண்டையை வைத்து, கம்பியால் ஒரே சீராகக் கீழே இறக்கினோம். நிப்பிளில் கேப். குதிரையைப் பின்னால் இழுத்தேன். "துவக்கைத் தோளோட நல்லா இறுக்கிப் பிடியுங்கோ" என்றான். விசையைத் தொட்டதுதான் தெரியும், தோளில் ஒரு தள்ளு, வெள்ளைப் புகை, எதிரே அட்டையில் ஓட்டை. அற்புதமாக இருந்தது. மறுபடி மறுபடி சுட்டேன். ஒருமுறைகூட அது ஏமாற்றவில்லை. கேப்பின் மகிமை எனக்கு அன்றைக்கு உடம்பில் இறங்கியது. நல்ல பொருளை நல்லது என்று சொல்ல நான் தயங்க மாட்டேன்.

அப்புறம் கல். இங்கே வேலை கூடுகிறது, சந்தோஷமும் கூடுகிறது. கல்லின் விளிம்பை நகத்தால் தடவிப் பார்க்க வேண்டும். மழுங்கியிருந்தால் சின்னப் பித்தளைச் சுத்தியலால் தட்டிக் கூராக்க வேண்டும். அது தகட்டில் முழு அகலத்துக்கும் படிகிறதா என்று பார்த்து, தாடை ஸ்க்ரூவை இறுக்க வேண்டும். கிண்ணத்துத் தீ குழாய்க்குள் போகும் காதுத் துளையில் ஊசி விட்டுச் சுத்தம் செய்ய வேண்டும். கிண்ணத்தில் நைஸ் மருந்து ஒரு சிட்டிகை, அதற்கு மேல் வேண்டாம். துளையை மூடிக் குவித்தால் மருந்து திரியாக எரிந்து தாமதமாகும், துளைக்குக் கீழே நின்றால் தீ பளிச்சென்று உள்ளே தாவும். மூடியைச் சாத்தி, குதிரையை முழுக்க இழுத்து, குறி வைத்து, மூச்சை நிறுத்தினேன்.

விசையைத் தொட்டதும் கண்ணுக்கு ஒரு முழம் முன்னால் ஒரு சூரியன் பிறந்தது. 'சிர்ர்' என்று ஒரு சீறல், அதன் வாலைப் பிடித்துக்கொண்டே 'டும்'. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் அந்தக் கணம் இருக்கிறதே, அதற்காகத்தான் உலகம் முழுக்க ஆட்கள் கல்லைக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள்! குறி வைத்தாயிற்று, விசை விட்டாயிற்று, நெருப்பும் வந்தாயிற்று, குண்டு இன்னும் கிளம்பவில்லை. அந்த இடைவெளியில் கண்ணை மூடாமல், தோளைச் சுருக்காமல், இலக்கை விட்டு அசையாமல் நிற்க வேண்டும். நின்றவனுக்குத்தான் குறி. உடம்பு மொத்தமும் ஒரு புள்ளியில் குவிகிறது. நன்றாக டியூன் செய்த லாக்கில் சீறலும் வெடியும் ஒன்றாகவே கேட்கும், அப்போது கேப்புக்கும் இதற்கும் காதுக்கு வித்தியாசம் தெரியாது. அந்த நிலைக்கு ஒரு லாக்கைக் கொண்டுவருவது ஒரு வித்வானின் வேலை. பையனின் துப்பாக்கியில் அந்த நிலை சில தடவை வாய்த்தது. நான் குதித்தேன்.

சில தடவை கிண்ணத்து மருந்து மட்டும் எரிந்து அடங்கிப்போகும். குழாயை இலக்கை விட்டுத் திருப்பாமல் அப்படியே பிடித்துக் காத்திருக்க வேண்டும், உள்ளே கனன்றுகொண்டிருக்கலாம். பையன் அதில் மிகக் கண்டிப்பு. சாயந்திரம் வெந்நீரை ஊற்றிக் குழாயைக் கழுவினோம். மை மாதிரி கறுப்புத் தண்ணீர், கந்தக நாற்றம். கழுவாமல் ஒரு ராத்திரி விட்டால் துரு பிடித்துவிடும். அந்தக் கழுவுகிற வேலையும் எனக்குப் பூஜை சாமான் துலக்குகிற வேலையாகத்தான் இருந்தது.

கேப் ஏன் உலகத்தை ஜெயித்தது? அதற்கு ஒரு பாதிரியாரைச் சொல்ல வேண்டும். ஸ்காட்லாந்தில் பெல்ஹெல்வி என்ற ஊரின் பாதிரியார் அலெக்ஸாண்டர் ஃபார்சைத். பறவை வேட்டைப் பிரியர். கல் துப்பாக்கியில் கிண்ணத்துச் சுடரைக் கண்டதும் வாத்துகள் எச்சரிக்கையாகிவிடுகின்றன என்று வருத்தப்பட்டு, தட்டினால் வெடிக்கும் ரசாயனத்தைத் துப்பாக்கிக்குக் கொண்டுவந்தார். 1807-இல் காப்புரிமை பெற்றார். செம்புக் குல்லா வந்தது அதற்கப்புறம். ராணுவமோ அசைவதாக இல்லை. 1834-இல்தான் உல்விச்சில் பெரிய சோதனை வைத்தார்கள். ஆறு கல் துப்பாக்கி, ஆறு கேப் துப்பாக்கி. இரண்டு வகைக்கும் 6000 ரவுண்டு, வெயிலிலும் மழையிலும். கேப் ஒருமுறை தவறிய இடத்தில் கல் ஏறத்தாழ 26 முறை தவறியது. போதாததற்கு கேப்புக்கு மருந்தும் குறைவாகவே தேவைப்பட்டது, உதையும் குறைவு. 1839-இல் மாற்றம் தொடங்கியது.

ஆனால் அந்தச் சோதனையின் உண்மையான பொருள் நம் சென்னைச் சிப்பாய்களின் உயிரில் எழுதப்பட்டது. இதைத் தமிழர்கள் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எனக்கு ஆசை. முதல் அபினிப் போர். 37-வது மெட்ராஸ் நேட்டிவ் இன்ஃபன்ட்ரி சீனாவில் கான்டன் நகருக்கு வெளியே நிற்கிறது. 1841 மே 30. சான்யுவான்லி கிராமத்துப் பக்கம் ஊர்மக்கள் ஆயிரக்கணக்கில் ஈட்டியும் வாளுமாகத் திரண்டு வருகிறார்கள். தங்கள் மண்ணை மீட்க வந்தவர்கள், அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது. திடீரென்று இடி, பேய்மழை. ஏறத்தாழ அறுபது பேர் கொண்ட ஒரு மெட்ராஸ் கம்பெனி மற்றவர்களிடம் இருந்து துண்டுபட்டுப் போகிறது. கையில் கல் துப்பாக்கி. கிண்ணத்து மருந்து கூழாகிவிட்டது, ஒன்றும் வெடிக்கவில்லை. சதுரமாக அணிவகுத்து, துப்பாக்கி நுனியில் ஈட்டியைச் செருகி, கொட்டும் மழையில் நின்றார்கள். தேடிப் போன கடற்படை வீரர்கள் இரண்டு கம்பெனி. அவர்கள் கையில் புதிய கேப் மஸ்கட்டுகள். அதே மழையில் அவை வெடித்தன. இருட்டியபின் நம் ஆட்களைக் கண்டுபிடித்து மீட்டு வந்தார்கள். அந்தப் படைப்பிரிவுக்குப் பிறகு கிரெனேடியர் என்ற பட்டம் கிடைத்தது. சீனாவில் அதே நாள் மக்கள் எழுச்சியின் நாளாகப் பாடப் புத்தகத்தில் இருக்கிறது. துப்பாக்கி வரலாறு எழுதும் ஆங்கிலப் புத்தகங்களில், கேப் ஏன் வேண்டும் என்பதற்கு அந்த மெட்ராஸ் கம்பெனியே அத்தாட்சி.

கல் கட்சிக்காரனான எனக்கு இந்தக் கதையைப் படிக்கும்போதெல்லாம் உள்ளே கலங்கும். வயிற்றுப் பிழைப்புக்காகக் கப்பலேறிய நம் ஆட்கள், வெடிக்காத துப்பாக்கியோடு சதுரம் கலையாமல் நின்றார்களே! போர்க்களத்தில் கேப்தான் சரி. அதில் எனக்கு வாதமே இல்லை.

இங்கேதான் எங்கள் திருவொற்றியூர் கதைக்குள் வருகிறது. கேப் யுகத்தின் சிகரம் 1853 மாதிரி என்ஃபீல்ட் ரைஃபிள். லண்டனுக்கு வடக்கே என்ஃபீல்டில் இருந்த அரசு ஆயுதத் தொழிற்சாலையின் பெயரால் வந்தது. அதன் கொழுப்புத் தடவிய தோட்டாவால்தான் 1857 பற்றிக்கொண்டது என்பதைப் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். 1890-களில் ரெட்டிச்சில் இருந்த ஒரு கம்பெனி அந்தத் தொழிற்சாலைக்கு உதிரி பாகங்கள் செய்து கொடுத்தது. அந்தப் பெருமையில் தன் சைக்கிளுக்கு ராயல் என்ஃபீல்ட் என்று பெயர் வைத்தது. பீரங்கியைச் சின்னமாக்கி, துப்பாக்கியைப் போலச் செய்தது என்று முழக்கமும் போட்டுக்கொண்டது. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு கூட்டுச் சேர்ந்து அது வந்து இறங்கிய இடம் எங்கள் திருவொற்றியூர். அந்தக் கம்பெனியின் சங்கொலியைக் கேட்டு எழுந்த ஊரில் வளர்ந்தவன் நான். அதன் புல்லட் பைக்கில் அந்தப் பீரங்கிப் படத்தைப் பார்க்கிற ஒவ்வொரு தடவையும் எனக்கு நினைவு வருவது உப்பளத்துப் பெரியவரின் செம்புக் குல்லா. கேப்பின் வாரிசு எங்கள் தெருவில்தான் ஓடுகிறது. அதனால் கேப் கட்சிக்காரர்களோடு எனக்குப் பகை கிடையாது. அவர்கள் என் ஊர்க்காரர்கள்.

இன்றைய நிலவரம் இன்னும் குஷியானது, ஏனென்றால் கல் திரும்பி வருகிறது. கனடாவில் புதிதாகச் செய்த கல் துப்பாக்கி, அதுவும் நீளத் துப்பாக்கியாக இருந்தால், சட்டப்படி பழம்பொருள் கணக்கு. புதிதாகச் செய்த கேப் துப்பாக்கிக்கு லைசென்ஸ் வேண்டும். இதனாலேயே அங்கே பலர் கல் பக்கம் வருகிறார்கள் என்று பையனே ஒப்புக்கொண்டான். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலம் 1974-இல் இருந்து கிறிஸ்துமஸுக்குப் பிறகு கல் துப்பாக்கிக்கு என்றே தனியாக ஒரு மான் வேட்டைப் பருவம் வைத்திருக்கிறது. கேப் கொண்டுவந்தால் அனுமதி இல்லை. மற்ற பல மாநிலங்களில் வாய்வழித் துப்பாக்கிப் பருவம் என்றால் இரண்டும் உண்டு, அங்கெல்லாம் கேப்பும் அதன் நவீனப் பேரப்பிள்ளைகளும்தான் மெஜாரிட்டி. உலகப் போட்டிகளில் இரண்டுக்கும் தனித்தனிப் பிரிவு. கல் மஸ்கட்டுக்கு மிக்கெலெட், கல் பிஸ்டலுக்கு கொமினாஸோ, கேப் பிஸ்டலுக்கு குஹென்ராய்ட்டர் என்று பழைய உஸ்தாத்களின் பெயரையும் பழைய லாக்கின் பெயரையும் வைத்திருக்கிறார்கள். எவ்வளவு மரியாதை பாருங்கள்!

எனக்கு எல்லாவற்றையும்விட இனிக்கிற செய்தி, அந்த நாடுகளில் பழைய போர்களை நடித்துக் காட்டுபவர்கள் கையில் இருக்கும் நகல் மஸ்கட்டுகளில் கணிசமானவை இந்தியப் பட்டறைகளில் செய்தவை. துப்பாக்கியாகக் கணக்கில் வராமல் இருக்கக் காதுத் துளை போடாமலேயே கப்பலேற்றி விடுகிறார்கள், அங்கே போய் ஓட்டை போட்டுக்கொள்கிறார்கள். விலை குறைவு. எஃகுத் தகட்டின் டெம்பர் சில நேரம் சரியில்லை என்று குறை சொல்கிறார்கள். கேட்டதும் எனக்குக் கை பரபரத்தது. அந்தத் தகட்டை எங்கள் பட்டறை ஆட்களிடம் கொடுத்தால் ஒரு வாரத்தில் பொறி மழையே பொழிய வைத்துக் காட்டுவார்கள்!

நீங்களும் போய்ப் பாருங்கள். கோட்டை மியூசியம் வெள்ளிக்கிழமை லீவு. தலைமைச் செயலகம் உள்ளே இருப்பதால் வாசலில் சோதனை உண்டு, அடையாள அட்டையை மறக்காதீர்கள். எழும்பூர் மியூசியத்தின் ஆயுதக் காட்சிக்கும் ஒரு நாள் ஒதுக்குங்கள், தஞ்சாவூர் அரண்மனையில் இருந்தும் கோட்டை ஆயுதக் கிடங்கில் இருந்தும் வந்த சாமான்கள் அங்கே உண்டு. எந்தப் பழைய துப்பாக்கியைப் பார்த்தாலும் முதலில் குதிரையின் தலையைப் பாருங்கள். தாடையும் ஸ்க்ரூவும் இருந்தால் கல், குழிந்த சுத்தியலாக இருந்தால் கேப். கேப்பாக இருந்தால் அத்தோடு நகர்ந்துவிடாதீர்கள். லாக் தகட்டில், நிப்பிளுக்கு முன்னால், உற்றுப் பாருங்கள். அடைத்த ஸ்க்ரூ ஓட்டைகள் மங்கலாகத் தெரிந்தால் அது பிறப்பால் கல், அப்புறம் கேப்பாக மாற்றியது. கல் மோதும் எஃகுத் தகட்டின் ஸ்பிரிங் உட்கார்ந்திருந்த இடம் அது. கிழக்கிந்தியக் கம்பெனியின் முத்திரையும் அதே லாக் தகட்டில் இருக்கலாம். 1808 வாக்கு வரை நாலு எழுத்துப் பொறித்த இதய வடிவம், அதற்குப் பிறகு காலைத் தூக்கி நிற்கும் சிங்கம். டார்ச் எடுத்துப் போங்கள், பக்கவாட்டில் பிடித்தால் கண்ணாடியில் வெளிச்சம் அடிக்காது.